ஒரு பதிவைச் சேர்க்க எத்தனை நடை?

பள்ளி அலுவலகத்தில் தேர்வு மதிப்பெண்களை எக்செல் கோப்பாகப் பதிவேற்றியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஆயிரம் மாணவர்கள், ஆளுக்கு ஐந்து பாடம், மொத்தம் 5,000 மதிப்பெண்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிட அந்தக் கோப்பு சிறியது. பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுழலத் தொடங்குகிறது. நிமிடங்கள் போகின்றன, வட்டம் நிற்கவில்லை. அதே கணினியில் ஒரு திரைப்படத்தைப் போட்டால் நொடிக்கு 24 படங்கள், ஒவ்வொரு படத்திலும் இருபது லட்சம் புள்ளிகள் என்று தடங்கலின்றி ஓடுகிறது. அப்படியிருக்க, ஐயாயிரம் எண்களை எழுதி வைக்க இவ்வளவு நேரம் எதற்கு?

சர்வர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். வாங்கிய பிறகும் பெரும்பாலும் வட்டம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். காரணம், அந்த நிமிடங்களில் கணினி வேலை செய்யவே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்கிறது. அதில் பெரும்பாலானவை கேட்டிருக்கவே வேண்டாத கேள்விகள்.

இதைப் புரிந்துகொள்ள, நாம் பயன்படுத்தும் மென்பொருள் ஒரே இடத்தில் இல்லை என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். திரைகளைக் காட்டுவதும் கணக்குப் போடுவதும் ஒரு நிரல்; தகவல்களைப் பத்திரமாக வைத்திருக்கும் தரவுத்தளம் இன்னொரு நிரல். பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு கணினிகளில் ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றிடம் எதையாவது கேட்டால் அது ஒரு வினவல். கேள்வி வலைப்பின்னல் வழியே போய், பதில் திரும்பி வர வேண்டும். இதை ஒரு நடை என்று வைத்துக்கொள்வோம்.

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் மொய் நோட்டு அடுத்த தெருவில் உள்ள வீட்டில், பெரியப்பாவின் கையில் இருக்கிறது. விருந்தினர் ஒருவர் வந்ததும் மேசைக்காரர் ஒரு பையனை வீட்டுக்கு ஓட விடுகிறார்: “இந்தக் குடும்பம் நம் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வா.” பையன் ஓடிப் போய்த் திரும்பி, “இருக்கிறது” என்கிறான். “இவர் ஏற்கெனவே மொய் எழுதிவிட்டாரா, கேட்டு வா.” மறுபடி ஓட்டம். பிறகுதான் “சரி, 501 ரூபாய் எழுதச் சொல்” என்று மூன்றாம் நடை. பெரியப்பா நோட்டில் எழுத எடுத்துக்கொள்ளும் நேரம் சில நொடிதான். முகூர்த்தம் தாண்டிப் போவது பையனின் ஓட்டத்தில்.

கணினி உலகில் அந்தத் தெருவின் நீளத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் கணினி அறிவியல் முன்னோடியுமான கிரேஸ் ஹாப்பர், தன் உரையைக் கேட்க வந்தவர்களிடம் சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்று கண்ணால் பார்க்கவைப்பதற்காக. கண்ணாடி இழைக்குள் ஒளி இன்னும் மெதுவாக, நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சென்னையில் நிரலும் மும்பையில் தரவுத்தளமும் இருந்தால் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். போக 5 மில்லிநொடி, வர 5 மில்லிநொடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தப் 10 மில்லிநொடியைக் குறைக்க முடியாது. அந்த நேரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று 3 கோடிச் சுழற்சிகளை முடித்துவிடும். இரண்டும் ஒரே தரவு மையத்துக்குள் இருந்தால்கூட ஒரு நடைக்கு அரை மில்லிநொடி, ஒரு மில்லிநொடி என்று போய்விடுகிறது.

இப்போது நம் மதிப்பெண் கோப்புக்கு வருவோம். இப்படிப்பட்ட மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஒரே ஒரு மதிப்பெண்ணைச் சேர்க்க இந்த நான்கு வரிகள் போயிருப்பதைப் பார்க்கலாம்:

செலக்ட் … மாணவர் அட்டவணையில் எண் 4127
செலக்ட் … பாடம் அட்டவணையில் எண் 12
செலக்ட் … மதிப்பெண் அட்டவணையில் மாணவர் 4127, பாடம் 12
இன்சர்ட் … மதிப்பெண் அட்டவணைக்குள் 4127, 12, 86

செலக்ட் என்றால் எடுத்துக் காட்டு. இன்சர்ட் என்றால் புதிதாகச் சேர். நமக்கு வேண்டியிருந்தது கடைசி வரி மட்டும். 5,000 மதிப்பெண்களுக்கு 20,000 நடை ஆகிறது. நடைக்கு ஒரு மில்லிநொடி என்றால் 20 நொடி. பத்து மில்லிநொடி என்றால் 200 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் மேல்.

நிரல் எழுதியவர் இந்த மூன்று கேள்விகளையும் தெரிந்தே கேட்கச் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பல நேரங்களில் அவர் தன் கையால் ஒரு வினவலைக்கூட எழுதியிருக்க மாட்டார். அவருக்காக எழுதியது இடையில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரையில், தகவல்களை எல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம், ஓர் அட்டவணைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவை மதிப்புகளைக் கொண்டே குறிக்கலாம் என்று காட்டினார். இன்றைய பெரும்பாலான தரவுத்தளங்கள் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஆனால் நிரல் எழுதுபவர்கள் அட்டவணைகளாக யோசிப்பதில்லை. மாணவர் என்றொரு பொருள், அதற்குப் பெயர், வகுப்பு, அதனுடன் இணைந்த மதிப்பெண் பொருள்கள் என்று யோசிக்கிறார்கள். இந்த இரண்டு உலகங்களையும் இணைக்கும் பாலத்தை ஓஆர்எம் என்பார்கள். தமிழில் பொருள்–அட்டவணை இணைப்பி எனலாம். ஜாவா மொழிக்கு 2001-ல் வந்த ஹைபர்நேட், ரூபி மொழிக்கு 2004-ல் ரெயில்ஸ் என்னும் இணையதளக் கட்டமைப்புடன் வந்த ஆக்டிவ் ரெக்கார்ட், பைத்தானுக்கு 2005-ல் வெளியான ஜாங்கோவின் இணைப்பி ஆகியவை இந்தத் துறையின் பெரிய பெயர்கள். உலகின் ஏராளமான இணையதளங்கள் இவற்றின் மேல்தான் ஓடுகின்றன. நிரலர் “இந்த மதிப்பெண்ணைச் சேமி” என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேண்டிய வினவல்களை இணைப்பி எழுதி அனுப்பிவிடும். பெரிய வசதி இது. நான் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை வினவல் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான்.

முதல் இரண்டு கேள்விகளைப் பார்ப்போம். மாணவர் 4127-ஐ ஏன் எடுத்து வந்தது? மதிப்பெண் என்ற பொருளுக்குள் “மாணவர்” என்றொரு இடம் இருக்கிறது. அதில் ஒரு மாணவர் பொருளை வைக்க வேண்டும் என்று நிரலர் நினைக்கிறார். கையில் எண் மட்டும் இருக்கிறது. எனவே எண்ணைக் கொடுத்து முழு மாணவரையும், பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாவற்றோடும் வரவழைக்கிறார். வந்தவரை மதிப்பெண்ணுக்குள் வைத்துச் சேமிக்கச் சொல்கிறார். இணைப்பி என்ன செய்கிறது? அந்த மாணவரிடமிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுகிறது. ஏனென்றால் மதிப்பெண் அட்டவணையில் எழுதப்படுவது 4127 என்ற எண் மட்டும்தான். ஓர் அட்டவணைக்குள் இருந்துகொண்டு இன்னோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் இந்த எண்ணுக்கு அயல் திறவுகோல் என்று பெயர். 4127 என்று ஏற்கெனவே தெரிந்த எண்ணைக் கொடுத்து அதே எண்ணைத் திரும்ப வாங்க ஒரு நடை வீணாகியிருக்கிறது.

எல்லா நல்ல இணைப்பிகளிலும் இதற்கு வழி உண்டு. ஜாங்கோவில் மாணவர் பொருளுக்குப் பதிலாக, பெயரோடு “ஐடி” ஒட்டிய புலத்தில் எண்ணை நேரடியாகக் கொடுக்கலாம். ஹைபர்நேட்டில் “கெட் ரெஃபரன்ஸ்” என்று கேட்டால், எண்ணை மட்டும் சுமக்கும் ஒரு பதிலிப் பொருள் கிடைக்கும். தரவுத்தளத்துக்கு யாரும் போகமாட்டார்கள். ஆனால் அந்தப் பதிலியிடம் மாணவரின் பெயரைக் கேட்டுவிட்டால், அந்தக் கணமே வினவல் கிளம்பிவிடும். பிழை தேடுவதற்காக யாரோ எழுதி வைத்த ஒரு பதிவுக்குறிப்பு வரி மாணவர் பெயரை அச்சிட்டால் போதும், மிச்சப்படுத்திய நடை எல்லாம் திரும்ப வந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான பயம் எழும். 4127 என்று ஒரு மாணவரே இல்லாவிட்டால்? முன்கூட்டியே கேட்காமல் எழுதினால் தப்பான பதிவு உள்ளே போய்விடாதா? போகாது. அயல் திறவுகோல் கட்டுப்பாட்டை அட்டவணையில் அறிவித்திருந்தால், இல்லாத எண்ணைச் சுட்டும் பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும். இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இல்லாத ஓர் எண்ணோடு ஒரு பதிவைச் சேர்க்க முயன்று பாருங்கள், பிழைச்செய்தி உடனே வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்தச் சோதனையைத் தன் வீட்டுக்குள்ளேயே செய்கிறது; அதோடு, நம் பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகச் சேர்த்து முடிக்கப்படும் கட்டளைகளின் தொகுப்பு, முடியும்வரை அந்த மாணவர் பதிவை வேறு யாரும் நீக்கிவிடாதபடி ஒரு பூட்டும் போடுகிறது. நாம் தொலைவிலிருந்து கேட்கும் கேள்விக்கு அந்தப் பலம் இல்லை. “மாணவர் இருக்கிறார்” என்ற பதில் நம்மிடம் வந்து சேர்வதற்கும் நாம் மதிப்பெண்ணை அனுப்புவதற்கும் இடையில் யாராவது அவரை நீக்கியிருக்கலாம். ஆக, முன்கூட்டிக் கேட்பது மெதுவானது மட்டுமல்ல, பாதுகாப்பிலும் குறைந்தது. ஒரு எச்சரிக்கை: எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இந்தக் கட்டுப்பாடு இயல்பாக அணைந்திருக்கும், இணைப்பு ஒவ்வொன்றிலும் இயக்கிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கும் இதே கதைதான், கொஞ்சம் கூர்மையாக. “இந்த மாணவருக்கு இந்தப் பாடத்தில் ஏற்கெனவே மதிப்பெண் இருக்கிறதா?” இரண்டு ஆசிரியர்கள் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பதிவேற்றுகிறார்கள் என்று வையுங்கள். இருவரின் கேள்விக்கும் “இல்லை” என்றே பதில் வருகிறது. இருவரும் எழுதுகிறார்கள். ஒரே மாணவருக்கு இரண்டு மதிப்பெண். ரெயில்ஸின் தனித்தன்மைச் சோதனை இப்படி முன்கூட்டிக் கேட்டுத்தான் வேலை செய்கிறது. அது மட்டும் போதாது, தரவுத்தளத்திலும் தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள் என்று ரெயில்ஸின் வழிகாட்டியே சொல்கிறது. மாணவர், பாடம் இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று அட்டவணையிலேயே அறிவித்துவிட்டால், இரண்டாவதாக வருவது தானாகவே தடுக்கப்படும். 2016 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.5 இன்னும் ஒரு படி போனது: “சேர், மோதினால் விட்டுவிடு” என்றோ, “மோதினால் புதுப்பி” என்றோ ஒரே கட்டளையில் சொல்லலாம். கேள்வி, பதில், முடிவு எல்லாம் ஒரே நடையில் முடிகிறது. பல பதிவுகளை ஒரே கட்டளையில் சேர்க்கும் ஜாங்கோவின் கூட்டுச் சேர்ப்பு வசதியிலும் இதைச் சொல்ல இடம் உண்டு.

இணைப்பிகள் தாமாகவே கேட்டுவிடும் இன்னொரு கேள்வி இருக்கிறது: “இது புதியதா, பழையதா?” சேமி என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கும் பயன்படுவதால் வரும் குழப்பம் இது. தரவுத்தளம் எண் கொடுக்கும் ஏற்பாட்டில் சிக்கல் இல்லை; எண் இல்லாத பொருள் புதியது. ஆனால் இன்று பல மென்பொருள்களில் நிரலே முன்கூட்டி எண்ணைக் கொடுத்துவிடுகிறது, குறிப்பாக யூயூஐடி எனப்படும் 128 பிட் நீள அடையாளங்கள். எண் இருப்பதைப் பார்த்ததும் ஸ்பிரிங் டேட்டா என்னும் ஜாவா நூலகம் அந்தப் பொருள் பழையது என்று எண்ணி, முதலில் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கிறது. கிடைக்காததால் பிறகு சேர்க்கிறது. ஜாங்கோ முன்பு வேறு வழியில் இதே நடையைச் செலவழித்தது: முதலில் புதுப்பிக்க முயலும், எந்தப் பதிவும் மாறவில்லை என்றால் சேர்க்கும். சீரற்ற முறையில் உருவாகும் யூயூஐடியில் 122 பிட்டுகள் தற்செயலானவை. சற்றுமுன் உருவான அடையாளம் ஏற்கெனவே அட்டவணையில் இருக்குமா என்று கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 2019 டிசம்பரில் வந்த ஜாங்கோ 3.0 இதைத் திருத்தியது. இயல்பு மதிப்பாக அடையாளம் பெற்ற புதிய பொருளை அது நேராகச் சேர்த்துவிடுகிறது. ஸ்பிரிங்கில் “நான் புதியவன்” என்று பொருளே சொல்லும்படி நாம் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஹைபர்நேட்டில் இன்னும் வியப்பான ஒன்று. ஒரு மாணவரின் மதிப்பெண்களை “கணம்” வகைத் தொகுப்பாக வைத்திருந்தால், அதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கும்போதும் பழையவை எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடும். கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை வரக்கூடாது அல்லவா? அதைச் சரிபார்க்கத்தான் இயல்பாக இப்படிச் செய்கிறது. பட்டியல் வகையாக வைத்து, உறவின் பொறுப்பை மதிப்பெண் பக்கம் கொடுத்துவிட்டால் இந்தச் சுமை இருக்காது.

வேண்டாத மூன்று கேள்விகளையும் நீக்கியதில் 20,000 நடை 5,000 ஆகிவிட்டது. மிச்சமிருப்பது உண்மையான வேலை. அதையும் ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியதில்லை. மொய்ச் சீட்டுகளை ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டி அந்தப் பையனிடம் கொடுத்தனுப்பலாம். ஜாங்கோவில் “பல்க் கிரியேட்”, 2019-ல் வந்த ரெயில்ஸ் 6-ல் “இன்சர்ட் ஆல்”. ஹைபர்நேட்டிலும் தொகுதியாக அனுப்ப ஓர் அமைப்பு உண்டு, ஆனால் பலர் அதை இயக்கிவிட்டு ஏன் பலனில்லை என்று குழம்புகிறார்கள். பதிவு உள்ளே போன பிறகுதான் தரவுத்தளம் எண் கொடுக்கும் முறையை அவர்கள் வைத்திருப்பார்கள். எண் தெரியாமல் ஹைபர்நேட்டால் ஒரு பொருளைத் தன் கணக்கில் வைத்திருக்க முடியாது. எனவே ஒவ்வொன்றையும் உடனடியாக அனுப்பி எண்ணைப் பெற்றுக்கொள்கிறது. “சீக்வென்ஸ்” என்னும் எண் வரிசை முறைக்கு மாறினால், ஒரே நடையில் ஐம்பது எண்களை முன்பதிவாக வாங்கிக்கொண்டு தொகுதியாக அனுப்ப முடியும்.

எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைப்பதும் இதே அளவு முக்கியம். பரிவர்த்தனை முடியும் ஒவ்வொரு முறையும், மின்சாரம் போனாலும் அழியாதபடி தகவல் வட்டில் எழுதப்பட்டதா என்று தரவுத்தளம் உறுதி செய்துகொள்கிறது. இது எவ்வளவு மெதுவானது என்பதை எஸ்க்யூலைட் ஆவணம் அழகாக விளக்குகிறது. சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 50,000 பதிவுகளைச் சேர்க்கலாம். ஆனால் பரிவர்த்தனை ஒன்றுக்குச் சுழல் வட்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 60 பரிவர்த்தனைதான். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனிப் பரிவர்த்தனையாக அனுப்பினால் அந்த வட்டில் 5,000 பதிவுக்கு 80 நொடிக்கு மேல் ஆகும். இன்றைய திண்மநிலை வட்டுகள் மிக வேகமானவை. என்றாலும் அந்த உறுதிப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு.

இப்போது கணக்குப் போடலாம். எக்செல் கோப்பில் தரவுத்தள எண்ணுக்குப் பதில் சேர்க்கை எண்தான் இருக்கிறது என்றால், ஆயிரம் மாணவர்களின் எண்களையும் ஒரே வினவலில் எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடங்களுக்கு இன்னொன்று. ஐந்நூறு ஐந்நூறாகப் பத்துத் தொகுதி. பரிவர்த்தனையைத் தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று. 20,000 நடை 14 ஆகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையிலான தூரத்தில்கூடக் காத்திருப்பு ஏறத்தாழ 140 மில்லிநொடிதான். தொகுதிகளை எழுதும் நேரம் தனி.

இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நிரல் எழுதுபவர்கள் ஏன் கவனிக்காமல் விடுகிறார்கள்? அவர்களுடைய மடிக்கணினியில் நிரலும் தரவுத்தளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தெருவே இல்லாத வீட்டில் பையன் ஓடுவது யாருக்குத் தெரியும்? சோதனைக்கு அவர்கள் போட்டுப் பார்ப்பதும் பத்து மாணவர்கள்தான். எனவே நேரத்தை அளப்பது ஏமாற்றும். வினவல்களை எண்ணுவதுதான் சரியான அளவுகோல். மடிக்கணினியிலும் சர்வரிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். ஜாங்கோ வளர்ச்சிநிலையில் போன வினவல்களை எல்லாம் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. ஹைபர்நேட் தன் வினவல்களை அச்சிடவும் எண்ணிச் சொல்லவும் செய்யும். போஸ்ட்கிரெஸ்ஸில் எந்த வினவல் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைக்கும் நீட்சி ஒன்று உண்டு. ஐயாயிரம் முறை வந்த ஒரு செலக்ட் அதில் உடனே பளிச்சென்று தெரியும்.

எல்லாக் கேள்வியையும் வெட்டிவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த ஆசிரியருக்கு இந்த மாணவரின் மதிப்பெண்ணைப் பதிய உரிமை உண்டா என்ற கேள்விக்குத் தரவுத்தளக் கட்டுப்பாடு பதில் சொல்லாது. அதைக் கேட்டே ஆக வேண்டும். வேகத்துக்காக அதை நீக்கினால் மென்பொருளில் ஒரு ஓட்டை விழும். பதிவு செய்யும் படிவத்தில் “இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது” என்று பயனருக்கு அன்பாகச் சொல்ல ஒருமுறை கேட்பதும் தவறில்லை, பின்னால் கட்டுப்பாடும் இருக்கிற வரையில். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கூட்டுச் சேர்ப்பு, பொருள்களின் சேமிக்கும் செயல்பாட்டை அழைக்காது. அதில் மதிப்பெண் நூறைத் தாண்டக் கூடாது என்று சோதனை எழுதியிருந்தால் அது ஓடாது. அத்தகைய விதிகளை வேறிடத்தில் முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு நான்கு பதிவு சேரும் ஒரு படிவத்துக்காக இத்தனை பாடுபடுவதும் வீண்.

நிரல் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளில் அதிகம் பயன்படும் ஒரு பதிவேற்றத்தை எடுத்து, அதற்கு எத்தனை வினவல் போகிறது என்று எண்ணுங்கள். ஒரு பதிவைக் கூட்டினால் அந்த எண்ணும் கூடுகிறதா என்று பாருங்கள். வேண்டாததை நீக்கிய பிறகு கிடைக்கும் எண்ணைத் தானியங்கிச் சோதனையில் எழுதி வையுங்கள். ஜாங்கோவில் “அசர்ட் நம் குவெரீஸ்” என்ற ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து யாராவது தெரியாமல் ஒரு கேள்வியைச் சேர்த்தால், பள்ளி அலுவலகத்தில் காத்திருப்பவருக்கு முன்பே அந்தச் சோதனை உங்களிடம் சொல்லிவிடும்.